மேல் வளையம்

கிறீ…ச். சற்று நிதானம். திரும்பவும் கிறீ…ச், முடிவில் நகம் வெட்டினாற்போல ஒரு டிக். வேன் நின்றது, இஞ்சின் அணைந்தது, கதவை யாரோ இழுத்துத் திறந்தார்கள்; இதெல்லாம் சொரிமுத்துவுக்கு எங்கேயோ தொலைவில் நடந்தது. இந்தச் சத்தம் மட்டும் மண்டைக்குள் நடந்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. நூற்பாலையில் முப்பத்தொரு வருஷமாக ராத்திரி ஷிப்டில் மிஷின்களுக்கு எண்ணெய் போடுகிறவருக்குப் பகல் பதினொரு மணி என்பது நடுச்சாமம். உடம்பு தூங்கும், காது மட்டும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். எண்ணெய் காணாத உலோகம் என்றது காது. சுற்றுகிற உலோகம் இல்லை, ஆடுகிற உலோகம். மேலேயிருந்து தொங்குகிறது, பெரிய கனம் இல்லை, போகும்போது ஒரு குரல், வரும்போது ஒரு குரல். சரி. அந்த டிக் என்ன? அது மட்டும் பிடிபடவில்லை. "சம்பந்தி, முழிங்க, தலைவர் வீடு வந்தாச்சு" என்று இசக்கியப்பன் தோளைத் தட்டினார். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுப் பெரியவர், முப்பது வருஷமாகக் கட்சியில் வார்டுச் செயலாளர். வீட்டுக்குள் பேசினாலும் மேடைக்குப் பின்னால் நிற்பவனுக்கும் கேட்க வேண்டும் என்பதுபோலப் பேசுவார். "ராத்திரி வேலை பார்த்த அசதி, பாவம்" என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். சொரிமுத்து கண்ணைத் திறந்தபோது எதிரே வெள்ளையடித்த ஓட்டு வீடும், கல்வெட்டும், கல்வெட்டில் பெ. மகராசன் என்ற பெயரும் இருந்தன. அந்தப் பெயரை அவர் முப்பத்தெட்டு வருஷமாக வாயால் சொன்னதில்லை. இப்போது அது மாப்பிள்ளையின் பெயரும்கூட. தலைவர் பெயரைத்தான் இசக்கியப்பன் பிள்ளைக்கு வைத்திருந்தார். நல்லவேளை, மாமனார் மருமகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டிய அவசியம் வருவதில்லை. மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்றே காலத்தை ஓட்டிவிடலாம். பையன் தங்கமானவன், பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறான், மகள் இந்துமதி அவனைப் பார்க்கிற பார்வையிலேயே தெரிகிறது. ஒரு பெயருக்காக எதை மறுப்பது? எதைச் சொல்லி மறுப்பது? காலையில் வேனில் ஏறும்போது வீட்டுக்காரி முழங்கால் வலியோடு வாசல்வரை வந்து காதுக்குள் சொன்னாள்: "இந்துவுக்கு நாள் தள்ளிப்போயிருக்கு. அவுக வீட்டுல இன்னும் சொல்லல, என்கிட்ட மட்டும் சொல்லியிருக்கா. நீங்க அங்க போயி வாயத் தொறந்து அவ வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்றாதிய." அவர் வாயைத் திறக்க வரவில்லை. எழுத வந்திருக்கிறார். சட்டைப் பையில் பேனா இருந்தது. கை போய்த் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

"செருப்ப வெளிய விடுங்க அண்ணாச்சி, உள்ள தலைவர் பொறந்த எடம்லா" என்று வாசலுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் அதட்டியது. சொரிமுத்து வேண்டுமென்றேதான் செருப்போடு படியேறினார். வரும் வழியெல்லாம் அந்த ஒன்றை நினைத்துக்கொண்டே வந்தார்: மில் தரையின் எண்ணெயும் பஞ்சும் அப்பிய இந்தச் செருப்போடு அவன் பிறந்த தரையை மிதிக்க வேண்டும், ஒரு முழு அடி, குதிகால் பதிய. முதல் படியிலேயே பிடிபட்டாயிற்று. சாமி இல்லை, பூதம் இல்லை என்று ஊர் ஊராகப் பேசியவனுடைய வீட்டுக்குக் கோயில் மாதிரி செருப்பைக் கழற்ற வேண்டியிருக்கிறது. கழற்றினார். தரை குளுமையாக இருந்தது. அந்தக் குளுமை பிடித்திருந்தது, அது எரிச்சலாக இருந்தது. அதட்டிய பெண் தங்கபுஷ்பம். அம்பது வயதிருக்கும், தலைவர் உயிரோடிருந்தபோதே கட்சி எடுத்துக்கொண்ட இந்த நினைவு இல்லத்தைப் பார்த்துக்கொள்கிறவள், கூடத்துத் தூணோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், ஊறின புளி உருண்டை, தேங்காய் நார். புளிவாடை வீடெல்லாம் நிறைந்திருந்தது. சுவர்களில் தலைவர். தலைவர் குழந்தைகளோடு, தலைவர் வெள்ளத்தில், தலைவர் கிணறு திறக்கிறார், தலைவர் வேறொரு கிணறு திறக்கிறார். ஊருக்கு ஒரு கிணறு. அதுதான் அவருடைய திட்டம், அதுதான் அவருக்குப் பட்டம், கிணற்று மகராசன். "எத்தன ஊரு தாகம் தீந்துச்சு தெரியுமா சம்பந்தி, ஆயிரத்து நானூத்தி பன்னெண்டு கிணறு" என்றார் இசக்கியப்பன், ஏதோ தானே மண்ணள்ளிப் போட்டதுபோல. அதில் ஒன்று எங்கள் ஊருக்குப் பக்கத்தில் என்று சொரிமுத்து சொல்லவில்லை. உள்ளறையிலிருந்து கிறீ…ச் என்றது. கிறீ…ச், டிக். யாரோ ஒரு புது ஜோடி ஆட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கட்சிக்காரர்கள் வீட்டு வழக்கம் அது. கல்யாணமானவர்கள் இங்கே வந்து தலைவரின் தொட்டிலை மூன்று தரம் வெறுமனே ஆட்ட வேண்டும். பிறகு முதல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து அதே தொட்டிலில் போட்டு ஆட்ட வேண்டும். "இவன இதுலதான் போட்டேன், முப்பத்தொண்ணாம் நாளு, அப்பிடியே காலால ஒதைச்சான் பாருங்க" என்று இசக்கியப்பன் மாப்பிள்ளையின் முதுகில் அறைந்தார். மாப்பிள்ளை வெட்கத்தோடு இந்துவைப் பார்த்தான். இந்து சுவரைப் பார்த்தாள். ஒரு கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, வைத்திருப்பது தெரியாமல், கிணறு திறக்கிற படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது பகல்தான். எல்லாரும் அதை ராத்திரி நடந்த காரியமாக நினைக்கிறார்கள், செய்தித்தாளும் ராத்திரி இருட்டில் கால் தவறி என்றுதான் போட்டது, ஆனால் அண்ணன் பூதலிங்கத்தைக் கிணற்றிலிருந்து மேலே இழுத்தது நல்ல பகல், உச்சிவெயில், கிணற்றுச் சுவரில் கைவைக்க முடியாத சூடு. அண்ணனுக்கு இருபத்துநாலு வயது. நூல் முறுக்கிச் சுற்றுகிற ரிங் பிரேமில் இழை அறுந்தால் அவன் விரல் போகிற வேகத்தை மேஸ்திரியே நின்று பார்ப்பார். வேலைநிறுத்தம் தொடங்கி நாற்பத்திரண்டாம் நாள், டீக்கடையில் வைத்துப் போலீஸ்காரர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். கையில் கிளாஸ் இருந்தது, குடித்துவிட்டு வருகிறேன் என்றிருக்கிறான், அதற்கும் விட்டார்கள், குடித்துவிட்டுத்தான் போனான். அதை நினைக்கும்போதெல்லாம் அந்த டீ ஆறியிருந்ததா சூடாக இருந்ததா என்று ஒரு கேள்வி வந்து நிற்கும், அதற்குமேல் நினைவு நகராது, அங்கேயே சுற்றும், அறுந்த இழை கதிரில் சுற்றிச் சுற்றிக் கொள்ளுமே அந்த மாதிரி. நாலாம் நாள் கிணறு. விசாரணையிலிருந்து தப்பி ஓடினான், விழுந்துவிட்டான் என்றார்கள். கிணற்றுச் சுவரில் புதுக் கல் பதித்திருந்தது, மாண்புமிகு அமைச்சர் பெ. மகராசன் அவர்களால் திறந்துவைக்கப்பட்டது. காவல்துறையும் அதே மாண்புமிகுவின் கையில்தான் இருந்தது அப்போது. தாம்புக்கயிற்றைக் கட்டி, தண்ணீர் இறைக்கிற கப்பி வழியாகவே இழுத்தார்கள். கப்பிக்கு யாரும் எண்ணெய் போட்டிருக்கவில்லை. கிறீ…ச். நிறுத்தி மூச்சு வாங்கினார்கள். கிறீ…ச். பதினாறு வயதுச் சொரிமுத்து கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கவில்லை, கப்பியைப் பார்த்துக்கொண்டே நின்றான், கொஞ்சம் எண்ணெய் போட்டால் என்ன, கொஞ்சம் எண்ணெய் போட்டால் என்ன என்று அது ஒன்றையே நினைத்துக்கொண்டு நின்றான், ஏதோ சத்தம் வராமல் இழுத்தால் மேலே வருவது வேறு யாராகவோ இருந்துவிடும் என்பதுபோல. பிறகு பத்து நாள் கழித்துச் சட்டசபையில் யாரோ கேட்டார்கள். மாண்புமிகு எழுந்து பதில் சொன்னார். சலூனில் கிடந்த தினசரியில் அதை வாசித்தான். "ஒரு தொழிலாளி கால் தவறிக் கிணற்றில் விழுந்ததற்கு அரசு என்ன செய்ய முடியும்? கிணற்றை எல்லாம் மூடிவிடச் சொல்கிறீர்களா?" அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு வார்த்தை. (சிரிப்பு). எத்தனை பேர் சிரித்தார்கள் என்று போடவில்லை. எவ்வளவு நேரம் சிரித்தார்கள் என்று போடவில்லை. பல் தெரியச் சிரித்தார்களா, மேசையைத் தட்டிச் சிரித்தார்களா? ஒரு சிரிப்பை அடைப்புக்குறிக்குள் பிடித்துப் போட்டு அச்சடித்துவிட்டார்கள், அது இன்னும் அங்கே சிரித்துக்கொண்டிருக்கிறது. படிப்பு பத்தாவதோடு நின்றவர், பிறகு நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் வாசித்து வாசித்து எழுத்தைத் தானே பழகிக்கொண்டவர், இன்றைக்கும் எந்தப் புத்தகத்தில் அடைப்புக்குறியைப் பார்த்தாலும் ஒரு நொடி நின்றுதான் உள்ளே போவார்.

அந்த மாண்புமிகு கட்டிலில் செத்தான். எண்பத்தாறு வயது, சுற்றிலும் டாக்டர்கள், தலைமாட்டில் பேரப்பிள்ளைகள். மில்லுக்கு லீவு விட்டார்கள். இனிப்பு வாங்கித் தின்ன வேண்டும் என்று சொரிமுத்து சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவனுக்காகக் கடையெல்லாம் அடைத்திருந்தது. செத்தும் என்னை ஒரு மிட்டாய் தின்ன விடவில்லை. வீட்டுக்கு வந்து சீனி டப்பாவில் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, சமையல்கட்டு இருட்டில் நின்று நறநறவென்று மென்றார். தித்தித்தது. நாக்கில்தான், தொண்டைக்குக் கீழே போகவில்லை. அன்றைக்கு உண்டானதுதான் அந்த வாசகம். ஒருநாள் அவன் வீட்டுக்குப் போக வேண்டும், அங்கே வருகிறவர்கள் எழுதுகிற பெரிய நோட்டு இருக்கிறதாம், அதில் எழுத வேண்டும்: இந்த வீட்டில் பிறந்தவர் செத்துப்போனார். பக்கத்தில் அடைப்புக்குறி. (சிரிப்பு). அவ்வளவுதான். கீழே அண்ணன் பெயர். ஒன்பது வருஷமாக அந்த வரியைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார். செத்துப்போனார் என்பதா இறந்துபோனார் என்பதா என்பதிலேயே ஒரு மழைக்காலம் போயிற்று. நோட்டு அதோ, உள்ளறை வாசலுக்கு அருகே சாய்வு மேசைமேல் திறந்து கிடந்தது, மின்விசிறிக் காற்றில் ஒரு பக்கம் எழுந்து எழுந்து படிந்தது. இந்து வாசிப்பாள். இந்துவின் மாமனார் வாசிப்பார். வாசிக்கட்டும் என்று ஒரு குரலும், வயிற்றில் கையை வைத்திருக்கிறாள் பார் என்று ஒரு குரலும், போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று.

முன்னால் வந்த ஜோடி வெளியே போக, இவர்கள் உள்ளே போனார்கள். சின்ன அறை. ஓட்டுக்கு நடுவே ஒரு கண்ணாடி ஓடு, அதன் வழியாக வெயில் நேராகத் தொட்டிலில் விழுந்தது. பழைய மரத் தொட்டில், கடைசல் பிடித்த கம்பிகள், நாலு மூலையிலும் பித்தளைச் சங்கிலி, நாலும் மேலே ஒரே வளையத்தில் சேர்ந்து, அந்த வளையம் உத்திரத்து இரும்புக் கொக்கியில். சங்கிலி தங்கம்போல மின்னியது. "தெனமும் புளி போட்டு விளக்குதேன், பதினஞ்சு வருசமா" என்று தங்கபுஷ்பம் ஈரக்கையோடு வாசலில் வந்து நின்றாள். "இப்படிச் சத்தம் போடுதே, ஒரு சொட்டு எண்ணெய் விடப்படாதா" என்று சொரிமுத்துவின் வாய் அவரைக் கேட்காமலே கேட்டுவிட்டது. "அதை ஏன் கேக்கிய அண்ணாச்சி. முன்ன விட்டுக்கிட்டுத்தான் இருந்தோம். வாரவுக எல்லாம் ஸ்டூலப் போட்டு ஏறி, அந்த எண்ணெயத் தொட்டு நெத்தியில வச்சிக்கிட்டாக. புள்ள இல்லாதவுக வயித்துல தடவுனாக. ஒரு அம்மா சீசா கொண்டாந்து வழிச்சிட்டுப் போனாவ. பகுத்தறிவுத் தலைவர் வீட்டுல இதென்ன கூத்துன்னு மேலிடத்துலருந்து ஆர்டர், எண்ணெயே கூடாதுன்னுட்டாக. சரி, அந்தக் கொக்கி வளையத்தையாவது மாத்துவோம்னா, கூடாது, எல்லாம் அசலு, தலைவரப் பெத்த அம்மா கையால மாட்டுனது, ஒரு ஆணியக்கூட மாத்தப்படாதுன்னு பலகையே வச்சிட்டாக." இசக்கியப்பன் பெருமையாகத் தலையாட்டினார். சொரிமுத்து அண்ணாந்து பார்த்தார். கண்ணாடி ஓட்டு வெளிச்சம் கொக்கியின்மேல் சாய்ந்து விழுந்தது. அப்போது அந்த டிக் பிடிபட்டுவிட்டது. மேல் வளையம். பித்தளை மென்மை, இரும்பு வன்மை. எண்ணெய் இல்லாமல் இத்தனை வருஷம் ஆட்டியதில் கொக்கி வளையத்தை அரைத்துத் தின்றிருந்தது. வளையத்தின் மேல்வளைவு மூன்றாம் பிறையாகி, பிறையின் நடுவே நூலாகி இருந்தது. ஒவ்வொரு ஆட்டுக்கும் அந்த நூல் கொக்கியின் பள்ளத்தை விட்டு ஏறி இறங்குகிறது, அதுதான் டிக். அந்தப் பெண் கையெட்டுகிற சங்கிலியைத்தான் விளக்குவாள், உத்திரத்தை யார் பார்க்கிறார்கள்? வெறும் தொட்டில் தாங்கும். ஒரு எட்டு மாதம், பத்து மாதம் தாங்கும். பிள்ளையைப் போட்டு, நாலு பேர் சேர்ந்து ஆட்டினால் தாங்காது. உலகத்தில் இது தெரிந்தவர் இப்போது ஒருவர்தான், அவர் சொரிமுத்து.

உடம்பெல்லாம் ஒரு குளுகுளுப்பு ஓடியது. சொல்லாதே என்றது அந்தக் குளுகுளுப்பு. சும்மா இரு, நீ ஒன்றும் செய்ய வேண்டாம், அவர்களே செய்துகொள்கிறார்கள், அவர்களுடைய பக்தியே செய்துகொள்கிறது. எண்ணெய் விடாதே என்று அவர்களே பலகை வைத்திருக்கிறார்கள். ஒருநாள் கூட்டம் கூடியிருக்கும், மேடையில் இப்போதைய மாண்புமிகு ஒருவர் இருப்பார், தலைவர் தொட்டில் அறுந்து விழும், தினசரியில் வரும். ஒரு வளையம் தேய்ந்ததற்கு அரசு என்ன செய்ய முடியும்? வளையத்தை எல்லாம் கழற்றிவிடச் சொல்கிறீர்களா? அடைப்புக்குறி. இந்தத் தரம் அடைப்புக்குறிக்குள் நான் இருப்பேன். "ஆட்டுங்க மக்கா, மூணு தரம், ரெண்டு பேரு கையும் படணும்" என்றார் இசக்கியப்பன். கிறீ…ச், டிக். அவனும் ஒருநாள் இதில் கிடந்தவன்தானே. நூறு வருஷத்துக்கு முன்னால், இதே கண்ணாடி ஓட்டு வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மொட்டைத் தலையோடு, விரலைச் சப்பிக்கொண்டு. அன்றைக்கு அறுந்திருந்தால்? அதை நினைத்தபோது சொரிமுத்துவுக்குக் கூச்சம் வரவில்லை, நிதானமாக நினைத்தார், ருசித்து நினைத்தார்: வளையம் அறுகிறது, தொட்டில் தலைகீழாகிறது, தரை, இந்தக் குளுமையான தரை, ஒரு சின்ன மண்டை. அமைச்சர் இல்லை, டீக்கடைக்கு ஜீப் வரவில்லை, பூதலிங்கம் டீயைக் குடித்து முடித்துக் காசைக் கொடுத்துவிட்டு ரிங் பிரேமுக்குப் போகிறான், இப்போது அறுபத்திரண்டு வயதில் பல்செட் கட்டியிருப்பான், இந்துவின் கல்யாணத்தில் பந்தியைப் பார்த்திருப்பான். ஒரு மண்டைதான். கிறீ…ச், டிக். அந்தக் குழந்தையை இன்னொரு தரம் கீழே போட்டார். இன்னொரு தரம். மூன்றாவது தரம் போடும்போது குழந்தை விழுகிற வழியில் முகத்தை இந்தப் பக்கம் திருப்பியது, திருப்பியது இந்து. பிறந்த அன்றைய இந்து, ஆஸ்பத்திரித் துண்டு சுற்றி அவர் கையில் முதலில் கொடுத்த இந்து, ஒரு புருவம் மட்டும் ஏறி, ஏன் இவ்வளவு லேட்டாக வந்தாய் என்று கேட்கிற மாதிரி. கை தானாகவே முன்னால் போய்விட்டது. தொட்டிலைப் பிடித்து நிறுத்தியிருந்தார். "என்ன மாமா?" என்றான் மாப்பிள்ளை. "மூணு ஆயிருச்சு" என்றார். "ரெண்டுதான் ஆச்சுப்பா" என்றாள் இந்து சிரித்துக்கொண்டே. "மூணு" என்றார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. இசக்கியப்பன், "சம்பந்தி பாதித் தூக்கத்துல எண்ணுதாரு, விடுங்க, மூணுன்னே வச்சுக்கிடுவோம், வெளிய முத்தத்துல போயி தலைவர் சிலைகிட்ட போட்டோ எடுங்க" என்று பிள்ளைகளை வெளியே அனுப்பினார்.

தொட்டில் அவர் கைக்குள் அசையாமல் இருந்தது. சத்தம் நின்றதும் வீட்டில் மற்ற சத்தமெல்லாம் திரும்பி வந்தது: மின்விசிறி, வெளியே இந்துவின் சிரிப்பு, தங்கபுஷ்பம் வாளித் தண்ணீரில் கையை அலசுவது. எட்டு ஒன்பது மாதத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இவர்கள் வருவார்கள். நான் மட்டும் தடுத்துவிடலாம், எங்கள் பிள்ளைக்கு வேண்டாம் என்று ஏதாவது சாக்குச் சொல்லி. அப்போது வேறு யாருடைய பிள்ளையோ விழும், சற்றுமுன் போன ஜோடியின் பிள்ளை, பெயர் தெரியாத பிள்ளை, அதற்கு ஒரு சித்தப்பன் இருப்பான், பதினாறு வயதில், அவன் மேலே கொக்கியைப் பார்த்துக்கொண்டே நிற்பான், கொஞ்சம் எண்ணெய் விட்டால் என்ன, கொஞ்சம் எண்ணெய் விட்டால் என்ன. மனசு அங்கே போய் முட்டிக்கொண்டு நின்றது. பழி இல்லாமல் போகவில்லை. அது அப்படியே, நெஞ்சில் இருந்த இடத்தில்தான் இருந்தது, கெட்டியாக, சூடாக. அதை இறக்கி வைக்கிற இடம் இந்த உத்திரம் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. அவர் நோட்டு மேசைக்குப் போனார். பெயர், ஊர், தொழில், கருத்து என்று கட்டம் போட்டிருந்தது. மேலே வரிசையாக வாழ்க, வாழ்க, வள்ளலே வாழ்க. பேனாவைத் திறந்தார். ஒன்பது வருஷத்து வரி நுனிநாக்கில் வந்து நின்றது. இந்த வீட்டில். இ என்று போடப் போன கை நின்றது. பிறகு, ஒவ்வொரு விடியற்காலையும் ஷிப்டு முடிந்து மில் ரிப்போர்ட் நோட்டில் எப்படி எழுதுவாரோ, நாலாம் நம்பர் பிரேம் பேரிங் சத்தம், கவனிக்கவும் என்று, அதே கையெழுத்தில், அதே அவசரத்தில் எழுதினார்: தொட்டிலின் மேல் வளையம் நூலளவு தேய்ந்துவிட்டது. குழந்தையைப் போடக் கூடாது. உடனே மாற்றவும். பெயர் என்ற கட்டத்துக்கு வந்தார். அதில் தன் பெயரை எழுதவில்லை. கா. பூதலிங்கம். தொழில்: ரிங் பிரேம். அடைப்புக்குறி எதுவும் போடவில்லை.

"என்ன சம்பந்தி, கவிதையா? பக்கத்த ரொப்பிட்டிய" என்று இசக்கியப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து குனிந்தார். முதலில் கருத்தைச் சத்தமாக வாசித்தார், மேடைக் குரலில், பாதியில் குரல் கீழே இறங்கியது. அண்ணாந்து கொக்கியைப் பார்த்தார். திரும்பவும் நோட்டைப் பார்த்தார். பெயர்க் கட்டத்தில் அவருடைய விரல் நின்றது. வெளியே மாப்பிள்ளை "கொஞ்சம் சிரி" என்று இந்துவிடம் சொல்வது கேட்டது. "ரிங் பிரேம் பூதலிங்கமா?" என்றார் இசக்கியப்பன். சம்பந்தியாகி இந்த மூன்று மாதத்தில் அவர் இவ்வளவு மெதுவாகப் பேசிச் சொரிமுத்து கேட்டதில்லை. "எங்க அண்ணன்" என்றார் சொரிமுத்து. அவ்வளவுதான், முப்பத்தெட்டு வருஷம், ரெண்டே வார்த்தை. இசக்கியப்பன் தோளில் கிடந்த கரைத்துண்டை எடுத்தார், மடித்தார், மடித்ததைப் பிரித்தார். "அப்ப எனக்கு இருவத்தி மூணு வயசு" என்றார். "சுவரெல்லாம் உங்க அண்ணன் படம் போட்டு, கொன்றது யார்னு போஸ்டர் ஒட்டியிருந்தாக. அதுக்கு மேல எங்க போஸ்டர ஒட்டச் சொன்னாக. தலைவர் கிணறு தொறக்குற படம். டவுன் பூரா நான்தான் ஒட்டுனேன். மூஞ்சி தெரியாம ஒட்டுங்கலேன்னு சொல்லித்தான் அனுப்புனாக." சொரிமுத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் படத்தின்மேல் ஒட்டியது யார் என்று முப்பத்தெட்டு வருஷமாகத் தேடிய கை, பசைவாளி பிடித்த கை, பந்தியில் தனக்கு அப்பளம் எடுத்து வைத்த கைதான். "நல்லா ஒட்டுச்சா சம்பந்தி?" என்று கேட்டார். இசக்கியப்பன் தலையைத் தூக்கவில்லை. "ரெண்டு மழை தாங்குச்சு" என்றார். மன்னிப்பு என்ற சொல் அந்த அறைக்குள் வரப் பார்த்ததா என்றுகூடத் தெரியவில்லை; வந்திருந்தால் சொரிமுத்து அதையும் செருப்பைக் கழற்றச் சொல்லியிருப்பார். கடைசியில் இசக்கியப்பன்தான் திரும்பி, "ஏ தங்கபுஷ்பம், அந்த ஸ்டூல எடு, தொட்டில எறக்கணும்" என்றார். "ஐயோ, அசலு அண்ணாச்சி, மேலிடத்துல கேட்டா யாரு பதில் சொல்லுவா?" என்று அவள் எழுந்து ஓடி வந்தாள். "வார்டுச் செயலாளர் சொன்னான்னு சொல்லு. நாளைக்கு எம் பேரன் இதுல விழணுமா? எடுங்குதேன்லா."

சொரிமுத்து தொட்டிலை நெஞ்சோடு சேர்த்துத் தூக்கிக் கனத்தைத் தாங்கினார். நினைத்ததைவிட லேசாக இருந்தது. இசக்கியப்பன் வேட்டியை மடித்துக் கட்டி, ஸ்டூலில் ஏறி, கொக்கியிலிருந்து வளையத்தைக் கழற்றினார். கழற்றும்போதே அது அவர் விரலுக்கிடையில் நூலான இடத்தில் அறுந்து விட்டுக்கொண்டது, சத்தமே இல்லாமல். அந்த நூல்முனையை அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், சொரிமுத்துவிடம் நீட்டவும் செய்தார், ஆனால் கண்ணைப் பார்த்து நீட்டவில்லை. தொட்டிலைச் சுவரோரம் தரையில் வைத்தார்கள். "போட்டோ முடிஞ்சுதுப்பா" என்று இந்து உள்ளே வந்தாள், வெறும் கொக்கியைப் பார்த்தாள், தரையில் கிடந்த தொட்டிலைப் பார்த்தாள், யாரும் சொல்லாததால் நேராக நோட்டுக்குப் போனாள். கையெழுத்துப் போட வேண்டும் என்பது அவளுக்கு மாமியார் சொல்லி அனுப்பியது. அவள் வாசிக்கிற நேரம் நீளமாக இருந்தது, ரெண்டு வரிக்கு அவ்வளவு நேரம் வேண்டாம். "கிணத்துல விழுந்த பெரியப்பாவா?" என்று கேட்டாள். "விழல" என்றார் சொரிமுத்து. இசக்கியப்பன் ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார். இந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். வீட்டுக்குப் போய்க் கேட்பாள், கேட்காமல் விட மாட்டாள், அந்தப் புருவம் ஏறியிருந்தது. அவள் குனிந்து, அந்தப் பெயருக்கு நேர்கீழே, அடுத்த கட்டத்தில், தன் பெயரை எழுதினாள். கருத்துக்கு உண்டான இடத்தை வெறுமனே விட்டுவிட்டாள். தங்கபுஷ்பம் இசக்கியப்பன் கையிலிருந்து உடைந்த வளையத்தை வாங்கிக்கொண்டாள். "இதுவும் அசலுதான், தொலைச்சுப்புட்டா என்னயத்தான் திட்டுவாக, கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருவோம்" என்று யாருக்கோ சொன்னாள். தூணோரம் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அறுந்த வளையத்தை வாளிக்குள் அலசி எடுத்தாள், புளி உருண்டையைப் பிழிந்து, தேங்காய் நாரை ஒருமுறை உதறி, தேய்க்க ஆரம்பித்தாள்.